கைக்கடிகாரத்துக்கு ஒரு காப்பு

என் தங்கைக்காக நான் இரண்டு காரியங்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று மாப்பிள்ளை. இன்னொன்று அவளுடைய கைக்கடிகாரத்துக்குக் காப்பு. முதலாவது பதினாலு மாதம் தாங்கியது. இரண்டாவது பத்தொன்பது நாள்.

மாப்பிள்ளை கதையைச் சட்டென்று சொல்லி முடித்துவிடுகிறேன். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும். அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் அம்பாசமுத்திரத்துப் பக்கம் மாப்பிள்ளை பார்க்க நான்தான் போனேன். நல்ல நிலபுலம், ஆற்றைப் பார்த்த வீடு, இலையில் மூன்று விதப் பொரியல். சாப்பிட்டு எழுவதற்குள் மாப்பிள்ளை துண்டை வாயில் வைத்து நாலைந்து தடவை இருமினார். கேட்டதற்கு, "ஆத்துக் குளியல், சளி பிடிச்சிருக்கு" என்றார்கள். பாயசம் குடித்த வாயோடு நானும் தலையாட்டிவிட்டு வந்து, "பரவாயில்லப்பா, நல்ல இடம்" என்று சொன்னேன். அந்தச் சளிதான் அவரைக் கொண்டுபோயிற்று. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு போனதும் நான்தான். உள்ளே அவள் கை வளையல்களைப் பெண்கள் உடைத்தபோது நான் தோட்டத்து வாசலில் நின்றேன். கண்ணாடி உடைகிற சத்தம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அது எத்தனை தடவை கேட்டது என்று இன்றைக்கும் சொல்வேன்.

பதினெட்டு வயதில் வெள்ளைச் சேலையோடு தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். நாலு வருஷம் அடுப்படியில் கிடந்தாள். நான் கொக்கிரகுளத்துக் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. காலையில் போய்ச் சாயங்காலம் வருவேன். எனக்குச் சோறு போடும்போதுகூட என் முகத்தை நேராகப் பார்க்கமாட்டாள். கோபமா என்றால் அதுவும் இல்லை. திட்டினாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் என் மனைவிக்குத் தலைப்பிரசவம் சிக்கலாயிற்று. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர் துரைசானியைக் கூட்டிவர ஆள் ஓடியது. அந்த அம்மாள் வந்து, இருந்த பெண்களையெல்லாம் வெளியே துரத்திவிட்டு, என் தங்கையை மட்டும் கூட வைத்துக்கொண்டாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கிளம்பும்போது துரைசானி தனக்குத் தெரிந்த தமிழில் அப்பாவிடம், "இந்தப் பெண் கை நடுங்கவில்லை. எனக்குக் கொடுங்கள், நான் வேலை கற்றுக்கொடுக்கிறேன்" என்றாள்.

சைவ வீட்டில், அதுவும் அந்தக் காலத்தில், கைம்பெண்ணை மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா? அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் என் பங்குக்கு அப்பாவோடு பத்து நாள் மல்லுக்கட்டினேன். மருமகளையும் பேத்தியையும் மீட்டுக் கொடுத்தவள் கேட்டாளே என்று கடைசியில் அவர் இறங்கி வந்தார். நிபந்தனைகளோடுதான். விளக்கு வைப்பதற்குள் வீடு வந்துவிட வேண்டும். வந்ததும் கிணற்றடியில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அங்கே பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்து, "ரவிக்கை போட்டுக்கோ, அது அங்க வழக்கம்னா போட்டுக்கோ. ஆனா பாக்குதவன் கண்ணுக்கு நீ யாருன்னு தெரியணும். ஒரு பொட்டு நகை, ஒரு பூ, உன் மேல பாத்தேன்னா அன்னைக்கோட சரி" என்றார்.

அவள் போனாள். ஒற்றை மாட்டு வண்டியில் காலையில் போய்ச் சாயங்காலம் வந்தாள். ஆறு மாதத்தில் அந்தப் பெண்ணை எனக்கே அடையாளம் தெரியவில்லை. குளித்த ஈரத்தோடு சமையலறையில் நின்று, இன்றைக்கு என்ன பிள்ளை பிறந்தது, எவளுக்குக் காய்ச்சல் இறங்கியது என்று என் மனைவியிடம் ஓயாமல் பேசுவாள். "ஏட்டி, மூச்சு விட்டுப் பேசு" என்று அம்மாவே சிரிப்பாள். என்னைப் பார்த்தும் பேசினாள். ஒருநாள், "அண்ணே, நீ மட்டும் அப்பாகிட்ட பேசலைன்னா நான் இந்த அடுப்படியிலேயே செத்திருப்பேன்" என்று சொன்னாள். அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை பார்த்த பாவம் பாதி கழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மீதிப் பாதியையும் கழித்துவிடலாம் என்று நினைத்ததில்தான் எல்லாம் கெட்டது.

நாடி எண்ண நர்சுக்குக் கடிகாரம் வேண்டும். துரைசானி புதிதாக ஒன்று வாங்கியதால் தன்னுடைய பழைய கைக்கடிகாரத்தை இவளுக்குக் கொடுத்துவிட்டாள். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளிக் கடிகாரம். விநாடிக்கென்று தனியே ஒரு குட்டி முள். இருபுறமும் கம்பி வளையம் வைத்து, அதில் தோல் வார் கோத்திருந்தது. மணிக்கட்டில் கட்டுகிற கடிகாரத்தை நான் அதுவரை கலெக்டர் துரையிடம்கூடப் பார்த்ததில்லை.

தோல் வார் என்றதும் அம்மாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. "செத்த மாட்டுத் தோலக் கையில கட்டிக்கிட்டு எவ வீட்டுக்குள்ள வருவா?" அதனால் அது வீட்டுக்குள் வரவில்லை. வண்டிக்கொட்டில் உத்தரத்தில் ஒரு ஆணியில் தொங்கும். காலையில் வண்டி ஏறும்போது கட்டிக்கொள்வாள். அங்கே எலி ஒருநாள் வாரைக் கடித்துவிட்டது. மறுநாள் பிரசவ அறையில் வார் அறுந்து கடிகாரம் கீழே விழுந்தது. நல்லவேளை, துணிக்குவியல் மேல் விழுந்தது.

அன்று சாயங்காலம் கிணற்றடியிலிருந்தே என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, கடைத்தெருவுக்குப் போனா கறுப்பு நாடா ஒரு முழம் வாங்கிட்டு வாயேன். நானே ரெண்டா மடிச்சுத் தச்சுக் கட்டிக்கிடுதேன்."

"நாடாவா? பாவாடை நாடாவக் கையில கட்டிக்கிட்டு அலையப் போறியா?" என்று சிரித்தேன்.

"நாடான்னா தோலு இல்ல, அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா. நகையும் இல்ல, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாவ. நனைஞ்சா கழுவிக்கிடலாம். போதும்ணே."

எல்லாவற்றையும் யோசித்துத்தான் கேட்டிருக்கிறாள். எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை. நாலு வருஷமாக மொட்டையாகக் கிடக்கிற அந்தக் கையில் ஏதாவது ஒன்று மின்ன வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுக்கு ஆசையா என்று நான் கேட்கவே இல்லை. என் ஆசையை அவள் கையில் மாட்டப் பார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

டவுனில் எங்களுக்கு வழக்கமாக நகை செய்கிற ஆசாரியிடம் போனேன். ஊதுகுழலை வைத்துவிட்டுக் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பைச் சங்கிலி செஞ்சிருக்கேன் அண்ணாச்சி. கைக்கு ஒருத்தரும் கேட்டதில்ல. ஆம்பிளைக்கா, பொம்பிளைக்கா?"

தாலி அறுத்தவள் கைக்கு என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் செய்யமாட்டார், அல்லது ஊரெல்லாம் சொல்லிவிடுவார். "என் வீட்டுக்காரிக்கு" என்றேன். வாயில் வந்த பொய்யை அப்படியே விட்டுவிட்டேன்.

அதன் பிறகு மூன்று தடவை போனேன். அவள் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு மெனக்கெடவில்லை. முதலில் அவர் பின்னல் சங்கிலி காட்டினார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கண்ணிகளுக்கு நடுவே அழுக்குச் சேரும், நோயாளி முடி சிக்கும். பித்தளை வியர்வையில் பச்சை பூத்துவிடும். ஜெர்மன் சில்வர் உழைக்கும், ஆனால் சொரசொரப்பு. பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற கைக்கு ஆகாது. தனி வெள்ளி பளபளக்கும், ஆனால் மெத்து, ஒரே இழுப்பில் கம்பி நீண்டு கடிகாரம் கழன்றுவிடும். கடைசியில் வெள்ளியில் கொஞ்சம் செம்பு கூட்டி, சின்னச் சின்னத் தகடுகளாக அடித்து, தகட்டுக்குத் தகடு கீல் வைப்பது என்று முடிவாயிற்று. கீல் என்றால் கைக்குத் தகுந்தபடி வளைந்து கொடுக்கும், அறவும் அறாது. ஓரங்களை விரலால் தடவிப் பார்த்து, இன்னும் தேய்க்கச் சொன்னேன். கொக்கி தானாகத் திறக்காதபடி ஒரு நாக்கு வைக்கச் சொன்னேன். முடித்த பிறகு ஆசாரி அதன் ஒரு நுனியை ஆணியில் மாட்டி, மறுநுனியில் படிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காட்டினார். அசையவில்லை. "உங்க பேத்தி காலத்துக்கும் வரும் அண்ணாச்சி" என்றார்.

நான் கேட்காத ஒன்றையும் செய்திருந்தார். சுமங்கலி கைக்குப் போகிற நகை வெறுமனே போகக் கூடாது என்று தகட்டுக்குத் தகடு ஒரு தாமரை மொட்டு செதுக்கியிருந்தார். மஞ்சள் தடவிய தாளில் வைத்து, குங்குமம் வைத்து, நல்ல நேரம் பார்த்து, வெற்றிலையோடு நீட்டினார். வாங்கிக் கண்ணில் ஒத்திக்கொண்டேன். தெரு முனை திரும்பியதும் ஒரு சுவரோரமாக நின்று குங்குமத்தை வேட்டி நுனியால் துடைத்தேன். மொட்டுகளின் பள்ளத்தில் போனது முழுதாக வரவில்லை. ஊதி ஊதி எடுத்தேன்.

வண்டிக்கொட்டிலில் வைத்து அவளிடம் கொடுத்தேன். வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குண்ணே" என்றாள். பிறகு, "எனக்கு வேண்டாம்ணே. நாடா வாங்கித் தா" என்றாள்.

"கடியாரத்தப் பிடிச்சிக்கிட்டு இருக்குத சங்கிலிட்டி இது. இத நகைன்னு எவன் சொல்லுவான்? சொல்லட்டும், நான் பாத்துக்கிடுதேன்."

"அப்பா கேட்டா?"

"நான் சொல்லுதேன்னு சொல்லுதேன்லா!" என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதுவும் ஆசையாகச் செய்ததை வேண்டாம் என்றால். அவள் பேசாமல் கட்டிக்கொண்டு, ரவிக்கைக் கையை அதன் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். வண்டி தெரு திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்புகிற இடத்தில் அவள் ரவிக்கைக் கையைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். என் பொண்டாட்டி பிழைத்த அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

பத்தொன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நடை திறந்ததுமே அப்பா டவுன் கோயிலுக்குப் போயிருந்தார். பிராகாரத்தில் ஆசாரி எதிர்ப்பட்டு, மரியாதையாக ஒதுங்கி நின்று கேட்டிருக்கிறார்: "மருமகளுக்குக் கடியாரக் காப்பு பிடிச்சிருக்கா அய்யா?"

அப்பா வீட்டுக்கு வந்ததும் என் மனைவியைக் கூப்பிட்டு, காப்பைக் காட்டச் சொன்னார். அவள் திருதிருவென்று விழித்தாள். எந்தக் காப்பு என்று அவளுக்கே தெரியாது. நான் கச்சேரியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அந்த நேரம் பார்த்து வண்டி வந்து நின்றது. கடிகாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனவளை, அப்பா கொட்டில் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"கைய நீட்டு."

நீட்டினாள்.

"என்னது இது?"

"கடியாரம்ப்பா."

"கடியாரம் தெரியுது. அதச் சுத்தி இருக்குதது?"

அவள் ரவிக்கைக் கையை இழுத்து மூடப் பார்த்தாள். அப்பா குரலை உயர்த்தவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, அந்த மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "தாமரை" என்றார். "இத யாரு கேட்டது?"

அவள் என்னைப் பார்த்தாள்.

இவ்வளவு வருஷம் கழித்து எழுதும்போதும் இந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அவள் நாடாதான் கேட்டாள், நான்தான் கேட்காமல் இதைச் செய்தேன் என்று. அவ்வளவுதான். அப்பா முரடர், ஆனால் நியாயம் தெரிந்தவர். என்னை நாலு வார்த்தை வைதுவிட்டு அவளை விட்டிருப்பார். கச்சேரியில் எவன் தப்பு செய்தாலும் எகிறிக் குதிக்கிற எனக்கு, அன்றைக்கு வாயில் கொழுக்கட்டை. மனைவி பேரைச் சொல்லி நகை செய்த பொய் வெளியே வந்து நின்றது. மனைவி ஒரு பக்கம் நிற்கிறாள், வண்டிக்காரன் ஒரு பக்கம் நிற்கிறான். வெட்கம் என் நாக்கைப் பிடித்துக்கொண்டது. வெட்கம் என்ன வெட்கம், பயம். பேடித்தனம்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் சொல்லவில்லை.

"சரி. கேட்டு வாங்கியிருக்கா. இன்னைக்குக் காப்பு கேட்டவ நாளைக்குப் பூ கேப்பா. அந்த இடத்துச் சேர்க்கை அப்படி. போதும், நாளையிலேர்ந்து வண்டி பூட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார்.

அவளே கொக்கியின் நாக்கை நிமிர்த்திக் கழற்றி என் கையில் வைத்தாள். "பத்திரமா டாக்டரம்மாகிட்ட குடுத்துருண்ணே. சாவி தெனம் காலையில குடுக்கணும்னு சொல்லு" என்றாள். கிணற்றடிக்குப் போய்க் குளித்தாள். அழுகிற சத்தம் கேட்குமா என்று நின்றேன். வாளி இறங்குகிற சத்தம்தான் கேட்டது.

மறுநாள் காப்பைக் கழற்றிவிட்டு, கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை போனேன். தங்கைக்கு உடம்பு சரியில்லை, இனி வர முடியாது என்று துரைசானியிடம் சொன்னேன். அந்த அம்மாள் நம்பவில்லை. "வாருக்காகவா?" என்று கேட்டாள். தோல் வீட்டில் ஆகாது என்று அவளிடம் இவள் முன்பே சொல்லியிருக்கிறாள் போல. "அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாமே" என்று தன்னுடைய இடது கையை நீட்டினாள். அவளுடைய புதுக் கடிகாரத்தை ஒரு கறுப்பு நாடாவில்தான் கட்டியிருந்தாள். நான் ஆற்றுப்பாலத்தில் நடந்து வரும்போது, பேசாமல் கீழே ஆற்றில் குதித்துவிடலாமா என்று தோன்றியது. தோன்றியதே தவிர நடந்து வீடு வந்து சேர்ந்துவிட்டேன். சாப்பிடவும் செய்தேன்.

அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், திருநாள் கழியட்டும், அவர் முழங்கால் வலி குறையட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். தள்ளத் தள்ளச் சொல்வது கடினமாகிவிட்டது. தங்கை மறுபடி அடுப்படிக்குப் போய்விட்டாள். சோறு போடும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. காப்பை உருக்கி என் மகளுக்குக் கொலுசு செய்தார்கள். படிக்கல்லுக்கு அறாத சாமான் அரை நாழிகையில் உருகிவிட்டது என்று ஆசாரி வருத்தப்பட்டாராம்.

சண்டை முடிகிற சமயத்தில் ஊரெல்லாம் விஷக் காய்ச்சல் வந்தது. தெருவுக்கு இரண்டு வீட்டில் பிணம். எங்கள் வீட்டில் அம்மா விழுந்தாள். மூன்றாம் நாள் மதியம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு நானே ஓடினேன். துரைசானி வரமுடியவில்லை, அங்கே திண்ணையெல்லாம் நோயாளிகள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, இரண்டு புட்டி மருந்து கொடுத்து, "உன் தங்கை இருக்கிறாளே, அவளுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் நாடி எண்ணச் சொல். சீட்டில் எழுதியிருக்கிற எண்ணுக்கு மேலே போனால் சிவப்பு மருந்து, கீழே இருந்தால் வெள்ளை. மாற்றிக் கொடுத்தால் ஆபத்து" என்று சொல்லி அனுப்பினாள்.

வெயிலில் ஓடி வந்து சீட்டைக் கொடுத்தேன். படித்தாள். அம்மாவின் கையை எடுத்து மூன்று விரலை வைத்தாள். அந்த விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. உதடு அசைய எண்ண ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. வெயிலும் ரயில் சத்தமும்தான் எங்களுக்கு நேரம். தெருவில் கடிகாரம் வைத்திருந்த ஒரே வீட்டுக்காரர் காய்ச்சலுக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போயிருந்தார்.

அப்பா கால்மாட்டில் நின்றார். "எத்தனம்மா?" என்று கேட்டார். அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். "எத்தன? எந்த மருந்து?" என்று மறுபடியும் கேட்டார்.

"எண்ணிக்கை தெரியுதுப்பா" என்றாள். "நிமிஷம் எப்ப முடியுதுன்னுதான் தெரியல."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் என் வாய் திறந்தது. "அவ காப்பு கேக்கலப்பா! நாடாதான் கேட்டா! நான்தான், நான்தான் அவளக் கேக்காமச் செஞ்சேன்" என்று கத்தினேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் அம்மாவின் கையிலிருந்து விரலை எடுக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"சத்தம் போடாதண்ணே" என்றாள். "எண்ணிக்கை விட்டுப்போகுது."